கடைசியில்தான் மெஷின்

"மூடி இருக்கா?"

எலித் தொல்லை தாங்க முடியவில்லை என்று போன் செய்கிறவர்கள் மூச்சு விட்டு முடிப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து வருகிற முதல் கேள்வி இதுதான். என்ன மூடி, எதற்கு மூடி என்று அவர்கள் முழிப்பார்கள். "குப்பைத் தொட்டிக்கு மூடி இருக்கான்னு கேக்கறேன். பிஸ்கட் டப்பாவுக்கு? நாய்க்கு வெக்கற சாப்பாட்டுக்கு?" இல்லை என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு அவர்கள் பாடு திண்டாட்டம். இப்படிக் கேட்டுக் கேட்டே அவளுக்கு மூடியக்கா என்று பேர் வந்துவிட்டது. சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. மூடியக்கா என்றால் எதிர்க்கடையில் டீ போடுகிறவர்கூடக் கையில் டம்ளரோடு மாடிப்படியைக் காட்டுவார்.

கீழே மின்விசிறி ரிப்பேர் கடை. மேலே இரண்டு அறையில் அவளுடைய கொழுந்தனின் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அறை முழுக்கக் கூரை வரைக்கும் அட்டைப் பெட்டி. இன்னொரு அறையில் ஒரு போன், கொழுந்தனின் சுழல் நாற்காலி, ஜன்னலோரம் மூடியக்காவின் சுழலாத நாற்காலி. விற்கிற பொருள் ஒன்றே ஒன்று. சோப்புக்கட்டி அளவில் ஒரு மெஷின். சுவரில் இருக்கிற பிளக்கில் செருகினால் சிவப்பு விளக்கு எரியும். மனுஷக் காதுக்குக் கேட்காத ஒரு சத்தம் அதிலிருந்து கிளம்பும், எலிக்கும் கரப்பானுக்கும் மட்டும் அது கேட்கும், கேட்டதும் தாங்காமல் வீட்டைக் காலி செய்துகொண்டு ஓடும் என்று பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது. படமும் போட்டிருந்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, கண் பிதுங்க ஓடுகிற ஓர் எலி.

"அது மெஷினைக் கேட்டு ஓடலை, உன்னைக் கேட்டுத்தான் ஓடுது" என்று அந்தப் படத்தைப் பார்த்து அவள் வீட்டுக்காரர் ஒருநாள் சொன்னார். அவர் தபால் பிரிக்கிற வேலையில் இருந்தவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் இப்படி ஏதாவது இருக்கும்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. மூடியக்காவின் குரல் அப்படி. அவள் பாதி ஆயுளை வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற ஒரு விடுதியில் வார்டனாகக் கழித்தவள். ஈரத்துணியை எங்கே காயப்போடுவது, பாத்ரூமில் எவ்வளவு நேரம் பாடுவது என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு சட்டம் உண்டு. அந்தப் பெண்கள் முதல் மாதம் அவளைச் சபிப்பார்கள். அடுத்த மாதம் காய்ச்சல் வந்தால் அவள் அறைக் கதவைத்தான் தட்டுவார்கள். விடுதிக் கட்டடத்தை விற்றுவிட்டதும் அவள் வீட்டோடு வந்தாள். அவ்வளவு பெண்களை மேய்த்த வாய்க்கு வீட்டில் கிடைத்தது ஒரே ஓர் ஆள். வாளியை அங்கே வைக்காதீங்க, செருப்பை இப்படித் திருப்பி விடுங்க, துண்டை உதறிப் போடுங்க என்று காலையில் ஆரம்பித்தால் அவருக்குக் காது புளித்துப்போகும். கடைசியில் அவர் தம்பியிடம் போய் நின்றார். "உன் ஆபீஸ்ல உங்க அண்ணிக்கு ஒரு நாற்காலி போடு. இல்லேன்னா உன் வீட்டுல எனக்கு ஒரு கட்டில் போடு."

கொழுந்தன் நாற்காலி போட்டான். புகார் சொல்லி வருகிற போனை எடுப்பது வேலை.

அந்த வேலைக்கு அப்போது ஆள் நிற்காது. இரண்டு பெண்கள் அழுதுகொண்டே ஓடிப்போயிருந்தார்கள். மெஷினை வாங்குகிற எல்லோரும் முதல் வாரம் நன்றாக இருக்கிறது என்பார்கள், அடுத்த வாரம் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள், அதற்கடுத்த வாரம் பெட்டியைத் திருப்பி அனுப்புவார்கள். திரும்பி வந்த பெட்டிகளுக்கென்றே ஒரு அலமாரி நிரம்பி வழிந்தது. ஒருநாள் அதில் ஒரு மெஷினை எடுத்து ஆட்டினால் உள்ளே ஏதோ கலகலத்தது. திருகாணியைக் கழற்றிப் பார்த்தால் ஒரு கரப்பான் குடும்பம். தாய், தகப்பன், பிள்ளை குட்டிகள். மெஷினுக்குள்ளே கதகதப்பாக இருக்கிறதே, அது போதும் அவற்றுக்கு.

"என்ன தம்பி இது, விரட்டற வீட்டுலயே வாடகை இல்லாம உக்காந்திருக்கு?"

"அது ஏதோ ஒரு பீஸ் அண்ணி. அதை வெச்சுப் பேசாதீங்க."

கொழுந்தன் ஏமாற்றுக்காரன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நல்ல வேலையை விட்டுவிட்டு இந்த மெஷினை நம்பி இறங்கியவன். தன் படுக்கையறையிலேயே ஒன்றைச் செருகி வைத்திருந்தான். சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே படுத்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்பான். எலி போயிற்றா என்று கேட்டால், முதலிலேயே இல்லை என்பான்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் மூடியக்கா வந்து பார்த்தபோது பெட்டி அடுக்கின் அடிவரிசையில் மூலைகள் குதறிக் கிடந்தன. காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற எலியின் தலையையே ஏதோ ஓர் எலி தின்றிருந்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கீழே மின்விசிறிக்காரர் ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் செருகாத மெஷின் அண்ணி. செருகினாத்தானே வேலை செய்யும்."

"அப்ப செருகு."

அறைக்கு இரண்டாகச் செருகினான். இரண்டு நாள் எலி வரவில்லை. கொழுந்தன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். மூன்றாம் நாள் எலி வந்தது. மெஷினுக்கு நேர் கீழே, சிவப்பு வெளிச்சத்தில், நிம்மதியாக அட்டையைக் கொறித்துவிட்டுப் போயிருந்தது. மூடியக்காவுக்கு வந்ததே கோபம். அவளுடைய விடுதியில் எலி இருந்ததாக ஒரு சரித்திரம் கிடையாது. அவள் புடைவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். சாப்பாட்டு மிச்சம் கிடந்த கூடையைத் தூக்கி எறிந்து மூடி போட்ட தொட்டி வாங்கினாள். கை கழுவுகிற தொட்டியைச் சாயங்காலம் துணியால் துடைத்துக் காயவைத்தாள். பெட்டிகளையெல்லாம் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினாள். அப்போதுதான் தெரிந்தது, தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில் குழாயைச் சுற்றி ஒரு கட்டைவிரல் போகிற இடைவெளி. பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரைச் சுருட்டி அதில் திணித்து, மேலே ஒயிட் சிமெண்டைப் பூசி, கரண்டியால் வழித்துவிட்டாள். எலி அன்றோடு சரி.

கொழுந்தன் மெஷின் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றான். ஆனால் அன்றிலிருந்து அவள் போனில் பேசுகிற விதம் மாறியது.

"மெஷினை இப்ப கழட்டிப் பெட்டியில வைங்க. ஆமா, கழட்டிடுங்க. முதல்ல மூடி. அப்புறம் சிங்க்கைக் காய வைக்கறீங்க. அப்புறம் டார்ச் எடுத்துக்கிட்டுத் தரையில படுத்து, குழாய் எங்கெங்க சுவருக்குள்ள போகுதுன்னு பாக்கறீங்க. படுக்க முடியாதா? வீட்டுல வேற யாரும் இல்லையா? ஓட்டை ஒண்ணு பாக்கியில்லாம அடைச்சிட்டு எனக்குப் போன் பண்ணுங்க. மெஷின் கடைசியில்தான்."

ஏன் கடைசியில்? அதற்கும் அவளிடம் காரணம் இருந்தது. முதலில் செருகிவிட்டால் ஜனங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்துவிடுகிறார்கள். கதவிடுக்கில் எலி போகிற அளவுக்குச் சந்து இருக்கும், அதான் மெஷின் இருக்கே என்பார்கள். மூட்டையைத் திறந்து போட்டிருப்பார்கள், அதான் மெஷின் இருக்கே என்பார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களுக்குச் செருகுகிற சந்தோஷம் ஒன்று வேண்டும்தான். அதை அவள் பரிசு மாதிரி கடைசிக்கு வைத்தாள். எல்லாம் முடிந்து அவர்கள் மெஷினைச் செருகுகிற நேரத்தில் விரட்டுவதற்கு வீட்டில் எலியே இருக்காது. இது அவளுக்குத் தெரியும். ஆனால் எலி போனதா, போனது. வாங்கியவர் சிரிக்கிறாரா, சிரிக்கிறார். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவள் பாட்டுக்கு அதட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வருகிற பெட்டிகள் குறைந்தன. அலமாரியில் ஒரு தட்டு காலியானது, பிறகு இன்னொன்று. அண்ணியின் இனிமையான குரல்தான் காரணம் என்று கொழுந்தன் எல்லோரிடமும் சொன்னான். அவள் குரலை இனிமை என்று சொன்ன முதல் ஆள் அவன்தான், கடைசி ஆளும் அவன்தான்.

பெட்டி திரும்பி வராவிட்டாலும் புதிதாக வாங்குகிறவர்கள் அதிகமாகவில்லை. கூரை வரைக்கும் அடுக்கியது அப்படியேதான் இருந்தது. பெரிய ஆர்டர் ஒன்று வரவில்லை என்றால் கடையை மூடிவிட்டுப் பழைய முதலாளியிடமே போய்க் கையைக் கட்டி நிற்க வேண்டியதுதான் என்று கொழுந்தன் ஒருநாள் சொன்னான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். கடை போனால் போன் போகும். போன் போனால் அவள் மறுபடி வாளிக்கும் செருப்புக்கும் நடுவே. உலகத்தில் அவள் சொல்வதைக் கேட்டு ஒருவர் டார்ச்சோடு தரையில் படுக்கிறார் என்றால் அது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால்தான்.

அந்த நேரத்தில்தான் பேக்கரி அம்மா வந்தார். ஊர் முழுக்கக் கடை வைத்திருப்பவர். ரொட்டி சுடுகிற இடத்தில் எலிப் புழுக்கையைப் பார்த்துவிட்டு ஒரு வாடிக்கையாளர் போட்ட சத்தம் அவர் காதில் இன்னும் இருந்தது. எல்லாக் கடைக்கும் மெஷின் வாங்கத் தயார். ஆனால் பெட்டியில் போட்டிருப்பதை நம்புகிற ஆள் இல்லை.

"உங்க மெஷின் வேலை செய்யற வீடு ஒண்ணு காட்டுங்க. நானே பாக்கறேன். அப்புறம் பேசலாம்."

கொழுந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. அவனிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. தையல் டீச்சர். பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்று, வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவர். தனி ஆள். தைக்கக் கொடுத்த துணியின் ஓரத்தையெல்லாம் எலி கடித்து, வாடிக்கையே போய்விடும்போல இருந்த சமயத்தில் மெஷின் வாங்கினார். பிறகு கம்பெனியின் இணையப் பக்கத்தில் எழுதினார்: இந்த மெஷினை வாங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் எலி இல்லை. கொழுந்தன் அந்த வரியைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தான்.

மூன்று பேரும் கிளம்பிப் போனார்கள்.

கதவைத் திறந்த டீச்சரின் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. "மூடியக்காவா? நேர்ல பாத்ததில்லையே, வாங்க வாங்க" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நாள் போனில் வாங்கிய அதட்டலை எல்லாம் ஒரு உறவுமுறை போலச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வீட்டைப் பார்த்ததும் மூடியக்காவுக்குக் கண் நிறைந்தது. நூல்கண்டுகள் மூடி போட்ட கண்ணாடி ஜாடிகளில். வெட்டி விழுகிற துண்டுத்துணி தகரப் பெட்டியில். சமையலறைத் தொட்டி உலர்ந்து பளபளத்தது. குப்பைத் தொட்டியின் மூடிமேல் ஒரு கல் வேறு. குழாயைச் சுற்றி ஸ்டீல் நார், அதன்மேல் சிமெண்ட், அதன்மேல் கரண்டி வழித்த தடம். அவள் அலுவலகத்தில் செய்ததைவிட நேர்த்தியாக இருந்தது.

"பாருங்க மேடம், எங்கயாவது ஒரு புழுக்கை இருக்கா?" என்று கொழுந்தன் கைகளை விரித்தான். பேக்கரி அம்மா அடுப்புக்குப் பின்னால் குனிந்தார். பீரோவுக்கு அடியில் பார்த்தார். தையல் மேசைக்குக் கீழே பார்த்தார். தலையை ஆட்டினார். உண்மையிலேயே எதுவும் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு. மெஷின் எங்க?"

டீச்சரின் முகம் சுருங்கியது. பேக்கரி அம்மாவைப் பார்க்கவில்லை, கொழுந்தனைப் பார்க்கவில்லை, மூடியக்காவைத்தான் பார்த்தார்.

"திட்டமாட்டீங்களே?"

சமையலறை அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டியை எடுத்தார். காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற எலி. பெட்டியின் வாயில் ஒட்டிய டேப்கூடக் கிழியவில்லை.

"கடைசியாத்தான் செருகணும்னு சொன்னீங்களே அக்கா. மத்ததெல்லாம் முடிச்சிட்டேன். பின்கதவுக்கு அடியில ரப்பர் பட்டை அடிக்கறது மட்டும் பாக்கி. கார்பென்டர் இதோ வரேன் அதோ வரேன்னு இழுத்தடிக்கறார். அதுவரைக்கும் பலகை வெச்சு அடைச்சிருக்கேன். ஒரு ஓட்டை பாக்கி இருந்தாலும் செருகக்கூடாதுன்னு நீங்க சொன்னதால..."

டீச்சர் எழுதிய வரியில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வாங்கியதிலிருந்து எலி இல்லை. செருகியதிலிருந்து என்று அவர் எங்கே எழுதினார்?

"மேடம், எங்க மெஷின் பெட்டிக்குள்ள இருந்தாலே..." என்று ஆரம்பித்தவன், தான் பேசுவது தனக்கே கேட்டு, நடுவில் நிறுத்திக்கொண்டான்.

பேக்கரி அம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை. "போன்ல பேசறவங்க நீங்கதானே? நீங்க சொல்லுங்க. இங்க எலியை விரட்டினது யாரு?"

அண்ணி, ஏதாவது சொல்லுங்க என்று கொழுந்தனின் கண் கெஞ்சியது. மழுப்ப அவளுக்குத் தெரியாதா? விடுதிக்கு வாடகை ஏற்ற வந்த கட்டடக்காரரையே பேச்சில் சுற்றிச் சுற்றி விட்டவள். ஆனால் பக்கத்தில் டீச்சர் நின்றார், தப்பு செய்த பிள்ளை மாதிரி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. இந்த வீட்டில் பாக்கியில்லாமல் வேலை செய்த ஒரே ஆள் வெட்கப்பட்டு நிற்க, சும்மா கிடந்த மெஷினுக்கு மாலை போடுவதா? அவளுக்கு மனசு வரவில்லை.

"இவங்கதான் விரட்டினாங்க. நான் போன்ல கத்தினேன், இவங்க இங்க செஞ்சாங்க."

"மெஷினைச் செருகியிருந்தா?"

"சிவப்பு விளக்கு எரிஞ்சிருக்கும்."

"அவ்வளவுதானா?"

"எலி ரெண்டு நாள் முழிக்கும், அப்புறம் பழகிக்கும். அந்தச் சத்தம் சுவத்தைத் தாண்டாது, பீரோவுக்குப் பின்னால போகாது. கரப்பான் அதைச் சட்டையே பண்ணாது. எங்க மெஷினுக்குள்ளயே குடித்தனம் பண்ணியிருக்கு."

கொழுந்தன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

பேக்கரி அம்மா குனிந்து, குழாயைச் சுற்றிப் பூசியிருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அது அசையவில்லை. உள்ளே என்ன வைத்து அடைத்தீர்கள் என்று டீச்சரிடம் கேட்டார். டீச்சர் வெட்கத்தை மறந்து நாரை எப்படிச் சுருட்டுவது, எவ்வளவு இறுக்கித் திணிப்பது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "மெஷின் எனக்கு வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

மாடிப்படி ஏறும்போது கொழுந்தன் வெடித்தான்.

"உண்மையைச் சொல்றதுக்கு இன்னிக்குத்தான் நாள் கிடைச்சுதா அண்ணி?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"கொஞ்சம் சமாளிச்சிருக்கலாமே!"

"பெட்டியையே பிரிக்கலை தம்பி. எதை வெச்சுச் சமாளிக்கறது?"

"உங்களுக்கு எப்பவும் நீங்க சொல்றதுதான் சரி. எங்கயும் நீங்கதான் வார்டன். நாளைக்கு நீங்க வரவேண்டாம். போனை நான் பாத்துக்கறேன்."

அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோது அந்த வீட்டுக்கு வாழ வந்தவள் அவள். அவன் சட்டைக்குப் பட்டன் தைத்தவள், அவன் பரீட்சைக்கு அவனைவிட அதிகமாகக் கவலைப்பட்டவள். அவன் இப்படி ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று அழுதாள். சொன்னதற்காக அழவில்லை. சொன்னது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நாற்காலிக்காகத்தான் அழுதாள். வீட்டுக்காரர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். நடந்ததை முழுக்கக் கேட்டார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, துண்டையும் உதறிப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பறே?"

வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினாள்.

அவளுடைய நாற்காலியில் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். யாரோ ஒருவர் மறுமுனையில் அவனை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். "சிவப்பு விளக்கு எரியுதா சார்? எரியுதில்ல? அப்ப வேலை செய்யுது சார்" என்று அவனும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் எழுந்தான். நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் உட்கார்ந்தாள்.

"சார், சத்தம் போடாதீங்க. உங்க குப்பைத் தொட்டிக்கு மூடி இருக்கா?"

மறுமுனை அடங்கியது. கொழுந்தன் பெட்டி அறைக்குள் போய் எதையோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டான்.

அந்த ஆளிடம் பேசி முடித்து நிமிர்ந்தால் அடுத்த மணி. டீச்சர்.

"அக்கா, கார்பென்டர் காலையிலயே வந்துட்டார். பட்டை அடிச்சாச்சு. ஒரு ஓட்டை பாக்கியில்லை. இப்ப செருகலாமா?"

பெட்டி அறையில் அசைவு நின்றது. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

"வேண்டாம் டீச்சர். நேத்து நான் சொன்னதைக் கேட்டீங்கல்ல. பிரிக்காத பெட்டிதானே, திருப்பி அனுப்பிடுங்க. காசைத் திருப்பிக் குடுத்துடறோம்."

திருப்பி அனுப்பச் சொல்லி அந்தப் போனில் பேசியது அதுதான் முதல் தடவை.

"மெஷினை வேணா நீங்களே எடுத்துக்குங்கக்கா. பெட்டியை மட்டும் தரமாட்டேன்."

"வெறும் பெட்டியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"அதைச் சமையலறையில கண்ணுல படற மாதிரி வெச்சிருக்கேன். தைச்சு முடிச்சு எழுந்திருக்கறப்ப இடுப்பு விட்டுப்போயிடும். பாத்திரமெல்லாம் கிடக்கட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு தோணும். அந்தப் பெட்டியைப் பாத்தா நீங்க வந்து நிக்கற மாதிரி இருக்கும். கழுவி, துடைச்சு, மூடி போட்டுட்டுத்தான் படுப்பேன். தனியா இருக்கற வீட்டுல அதட்ட ஒருத்தர் இருந்தா நல்லாத்தான் இருக்கு அக்கா."

வாழ்நாளெல்லாம் மூடியக்கா கேட்டது, கொஞ்சம் வாயை மூடேன் என்பதுதான். அந்த வாய் ஒரு வீட்டில் இல்லாமல் குறையாக இருக்கிறது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"வெச்சுக்குங்க" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

கொழுந்தன் அறையிலிருந்து வெளியே வந்தான். கையில் ஒரு பெட்டி. அதைத் திறந்து, உள்ளே இருந்த மெஷினை எடுத்து மேசைமேல் வைத்தான். காலிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காதைப் பொத்திய எலியைப் பார்த்தான். பிறகு அண்ணியைப் பார்த்தான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுது அண்ணி. மெஷின்தான் சரியில்லை."

"அப்ப மெஷினை எடுத்துட்டு வேற ஏதாவது வை. ஸ்டீல் நார் வை, சிமெண்ட் வை, கதவுக்கு ரப்பர் பட்டை வை. ஒரு டார்ச் வை."

"நேத்து கோபத்துல ஏதோ..."

"அதெல்லாம் அப்புறம். போன் அடிக்குது, நகரு."

பேக்கரி அம்மா. முதலாளியின் நம்பருக்குப் போடாமல் புகார் நம்பருக்குப் போட்டிருந்தார்.

"நேத்து பாத்தேனே, அந்த மாதிரி ஓட்டை எங்க கடையில குழாய்க்குக் குழாய் இருக்கு. எங்க ஆளுங்க நான் சொன்னா தலையை ஆட்டறாங்க, செய்யமாட்டேங்கறாங்க. எனக்கு மெஷின் வேண்டாம். அந்த டீச்சரை அதட்டின மாதிரி இவங்களை அதட்டணும். ஒவ்வொரு கடையா வருவீங்களா?"

கொழுந்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூடியக்கா நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வரேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. ஈ பிடிக்கற நீல விளக்கு உங்க கடையில எங்க தொங்குது?"

"வாசல்லதான். வர்றவங்களுக்குத் தெரியட்டும்னு."

"அது நல்ல சாமான்தான். ஆனா வாசல்ல இருந்தா தெருவுல போற ஈயையெல்லாம் வா வான்னு கூப்பிடும். வெளியில இருந்து தெரியாத மாதிரி உள்பக்கம் மாட்டச் சொல்லுங்க. ரொட்டிக்கு நேர் மேல மாட்டிடாதீங்க. மாட்டியாச்சா?"

"இப்பவேவா?"

"பின்னே எப்ப? நான் இருக்கேன், ஆளைக் கூப்பிட்டுச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் யாரையோ கூப்பிடுகிற சத்தம், ஸ்டூல் இழுபடுகிற சத்தம், மாட்டியாச்சு என்கிற குரல். எல்லாம் முடியும்வரை அவள் காத்திருந்தாள்.

"சரி. இப்ப சொல்லுங்க. மாவு டின்னுக்கு மூடி இருக்கா?"